காந்தக்காரன் விழுங்கிய கேமரா

சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் முதலில் தட்டைக் காலி செய்துவிட்டு வாருங்கள். இதில் கக்கூஸ் நிறைய வரும். நான் என்ன செய்ய? எனக்கு வந்த நோய் அந்த வழியாகத்தான் வந்து சொல்லிவிட்டுப் போனது. எனக்குத்தான் புரியவில்லை.

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் மில் ஒன்றில் நான் கிரேன் ஓட்டுகிறேன். கொக்கி கிரேன் இல்லை, காந்தக் கிரேன். கல்யாண வீட்டு அண்டா மூடி மாதிரி ஒரு வட்டக் காந்தம் சங்கிலியில் தொங்கும். சுவிட்சைப் போட்டால் ஓட்டை வாளி, உடைந்த சைக்கிள், பீரோ கதவு எல்லாம் துள்ளிக்கொண்டு வந்து ஒட்டும். அணைத்தால் கொட்டும். அஞ்சாங்கிளாசுக்கு மேல் படிப்பு எனக்கு ஒட்டவில்லை. கடவுள் பார்த்து, மற்றதெல்லாம் ஒட்டுகிற வேலையாகக் கொடுத்துவிட்டார்.

காலையில் மில் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நிற்போம். டீ, பட்டர் பிஸ்கட், கழுத்து வலிக்கு ஒன்று. இதுதான் எங்கள் நாஷ்டா. அப்புறம் ஏணி. கிரேன் கேபின் கூரையை ஒட்டி இருக்கிறது. நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து, கீழே பார்த்தபடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். கீழே நின்று கையைக் காட்டி வழி சொல்கிறவன் சீனு. ஆரம்பாக்கத்துக்காரன். ரெண்டு பொண்ணுக்கு அப்பன். பேச்சில் பாதி தெலுங்கு, மீதி நக்கல்.

போன மழைக்காலத்தில் அந்த ஏணி நீண்டுபோனது. பாதி ஏறியதும் மூச்சு வாங்கும். நெஞ்சு தபேலா வாசிக்கும்.

"இன்னா நைனா, ஏணிலயே தூங்கிட்டியா?" என்று கீழே இருந்து கத்துவான் சீனு.

"மூச்சு முட்டுதுடா."

"வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கினு எறங்கு. நான் ஓட்றேன்."

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. காலையில் கக்கூஸ் போனால் தார் ஊற்றியது மாதிரி கருப்பாகப் போகும். ஒரு நாளும் நான் கவலைப்பட்டதில்லை. எங்கள் மில்லில் எல்லாமே கருப்புதான். காறித் துப்பினால் கருப்பு, மூக்கைச் சிந்தினால் கருப்பு, தலைக்கு ஊற்றிய தண்ணீரும் கருப்பு. "இரும்பு முழுங்குறோம், இரும்பு வருது. கவர்மெண்டு நம்ம கிட்டயே எடைக்கு வாங்கலாம்" என்பேன். டீக்கடையே சிரிக்கும். எனக்கு அப்படி ஒரு அறிவு.

ஒரு நாள் காந்தம் நிறைய இரும்போடு மேலே நிற்கிறது. ஏறக்குறைய அதற்கு அடியிலேயே சீனு நின்று கையை ஆட்டுகிறான். அவன் கை திடீரென்று நாலு கையாகத் தெரிந்தது. காதில் குக்கர் விசில். கண் இருட்டிக்கொண்டு வந்தபோது ஒரே ஒரு நினைப்புதான், கை சுவிட்சு மேல் விழக்கூடாது. கையை இழுத்து மடிக்குள் செருகிக்கொண்டேன். அவ்வளவுதான் ஞாபகம். பிறகு சீனு ஏணியில் என்னைத் தோளில் போட்டு இறக்கியதாகச் சொன்னார்கள். அந்தக் கை மட்டும் சறுக்கியிருந்தால் அவன் தலையில் பாதி பீரோ கடை விழுந்திருக்கும்.

கும்மிடிப்பூண்டி கிளினிக் டாக்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் இட்லி மாதிரி வெளுத்திருந்ததாம். ரத்தத்தை டெஸ்ட் பண்ணிவிட்டு, உடம்பில் இருக்க வேண்டியதில் பாதிதான் இருக்கிறது என்றார். "மலம் கருப்பா போகுதா?" என்று கேட்டார்.

"மில்லு தூசு சார்."

"தூசு இல்லைங்க. ரத்தம். வயித்துக்குள்ள கசிஞ்சா செவப்பா வராது. செரிச்சு, தார் மாதிரி கருப்பாத்தான் வரும்."

அத்தனை நாளும் நான் கிண்டல் அடித்துக்கொண்டிருந்தது என் சொந்த ரத்தத்தை.

என் மனைவி சரளாவின் அண்ணன் வீடு திருவள்ளூரை ஒட்டி மணவாள நகரில் இருக்கிறது. அங்கே தங்கிக்கொண்டு திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினோம். யாரோ முகம் தெரியாதவர் ரத்தம். ஏறின பிறகு வெண்டைக்காய் தின்ன ஆசை வந்தது. அதற்கு முன் வெண்டைக்காயைக் கண்டாலே எனக்கு ஆகாது. கொடுத்தவர் வெண்டைக்காய்ப் பிரியர் போல.

பிறகு வாய் வழியாக ஒரு குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். பின்வழியாக இன்னொரு குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்த்தார்கள். இரண்டும் சுத்தம். சந்தோஷப்படலாம் என்று பார்த்தால் டாக்டர் முகம் தொங்கியிருந்தது. மேல் குழாயும் எட்டாத, கீழ்க் குழாயும் எட்டாத நடுப்பகுதி ஒன்று இருக்கிறது, சிறுகுடல், கிட்டத்தட்ட இருபது அடி என்றார். ஐந்தரை அடி ஆளுக்குள் இருபது அடி! அதற்குள் எங்கேயோ பைப் ஒழுகுகிறது, எங்கே என்று தெரியவில்லை. சென்னைக்குப் போகச் சொன்னார்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே இருந்த டாக்டரம்மா ரொம்பப் பேசமாட்டார், ஆனால் பேசும்போது கண்ணைப் பார்ப்பார். எல்லா டாக்டரும் கேட்ட கேள்வியை அவரும் கேட்டார்.

"வழக்கமா மாத்திரை எதாவது சாப்பிடறீங்களா, கஜேந்திரன்?"

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "ஒன்னும் கெடையாது மேடம். சுகரு இல்ல, பிரஷரு இல்ல. சுத்தமான பாடி."

"ஆமா மேடம், ஜொரத்துக்குக்கூட கசாயந்தான்," என்றாள் சரளா.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். இந்த வயதில் சிறுகுடலில் ரத்தம் கசிந்தால் புண்ணாக இருக்கலாம், டிபி கிருமியாக இருக்கலாம், ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் குரலை இறக்கி, "கட்டியாவும் இருக்கலாம்" என்றார்.

"கட்டின்னா... அந்தக் கட்டியா மேடம்?" என்று கேட்டாள் சரளா.

"பாக்காம எதையும் சொல்ல வேணாம்மா."

மேசைக்கு அடியில் சரளா என் சுண்டுவிரலைப் பிடித்தாள். கல்யாணத்தில் அக்கினியைச் சுற்றும்போது பிடித்த அதே விரல். அன்றைக்கு இவ்வளவு அழுத்திப் பிடிக்கவில்லை.

பார்ப்பதற்கு என்ன வழி? ஒரு கேமராவை விழுங்க வேண்டும். பெரிய வைட்டமின் மாத்திரை அளவுதான் இருக்கும். அதற்குள் கேமரா, லைட்டு, பேட்டரி எல்லாம் இருக்கிறது. சோறு போகிற வழியிலேயே உருண்டுகொண்டு போய், போகிற இடமெல்லாம் போட்டோ எடுக்கும். இடுப்பில் ஒரு பெல்ட் கட்டி, அதில் இருக்கிற பெட்டியில் போட்டோ எல்லாம் வந்து விழும். வேலை முடிந்ததும் கேமரா தானாகக் கக்கூஸில் வந்துவிடும். விலையைக் கேட்டபோது, "இந்த டப்புக்கு ஒரு டிவியே வாங்கலாமே, அதுலயும் படம் வருமே" என்றேன். சரளா சிரிக்கவில்லை. மறுநாள் வரும்போது அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

முந்தின நாள் முழுக்கத் தண்ணி ஆகாரம். குடலைக் கழுவ ஒரு மருந்து கொடுத்தார்கள். எலுமிச்சம்பழத்தில் சோப்பைக் கரைத்த ருசி. குடித்த பிறகு நான் கக்கூஸுக்கே குடி போய்விட்டேன். மறுநாள் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு வயிறு பயங்கரமாக உறுமியது. என்னுடையது என்று நினைத்துத் தடவிக்கொடுத்தேன். மறுபடி உறுமியபோது பார்த்தால் சரளா வயிறு.

"நீ சாப்புடல?"

"நீ பட்டினி கெடக்குறப்போ நான் இட்லி தின்னுகினு இருப்பேனா? மூடிக்கினு ஒக்காரு."

உள்ளே கூட்டிப்போய் வயிற்றில் ஒயர் வைத்த ஒட்டிகளை ஒட்டி, பெல்ட்டைக் கட்டினார்கள். கேமராவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார் சிஸ்டர். அது பளிச் பளிச் என்று வெளிச்சம் விட்டது. என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிற மாதிரியே இருந்தது. வாயில் போட்டதும் கன்னம் உள்ளே இருந்து மின்னியது என்று சரளா பிறகு சொன்னாள். தண்ணீரோடு விழுங்கினேன். தொண்டையில் ஒரு வழுக்கு, அவ்வளவுதான். என் உள்ளே யாரோ டார்ச் அடித்துக்கொண்டு நடக்கிற நினைப்பு. அவன் எதைப் பார்த்துவிடப் போகிறானோ என்று சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மா கடைசியாக ஒன்று சொன்னார். "இது வெளிய வர்ற வரைக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கக் கூடாது. பெரிய காந்தம் பக்கத்துலயே போகக் கூடாது."

"மேடம், என் பொழப்பே காந்தந்தான்."

சிஸ்டர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் வேலையைப் பற்றி விவரமாகக் கேட்டுவிட்டு, "வெளிய வந்ததை உங்க கண்ணால பாத்தப்புறம் வேலைக்குப் போனா போதும்" என்றார். எனக்கு அன்றைக்கே கனவு வந்துவிட்டது. நான் மில்லுக்குள் நுழைகிறேன், காந்தம் மேலே இருந்து 'வா' என்கிறது, நான் வயிற்றை முன்னால் நீட்டிக்கொண்டு பறந்துபோய் பீரோ கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறேன். கீழே இருந்து சீனு கையைக் காட்டி, உலைப் பக்கம் ஓட்டச் சொல்கிறான்.

சாயங்காலம் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தோம். தினமும் காலையில் நான் ஒரு குச்சியோடு கக்கூஸுக்குள் போவேன். கதவுக்கு வெளியே சரளா.

"வந்துச்சா?"

"இல்ல."

"நல்லா பாத்தியாயா?"

"பாத்தேன்டி. கருப்பாத்தான் கீது. கேமரா இல்ல."

பக்கத்து வீட்டு அக்கா இதைத் தினமும் கேட்டுவிட்டு ஒரு நாள் பொறுக்காமல், "யாரு வரணும் சரளா?" என்று கேட்டுவிட்டார். "ஊர்லேர்ந்து ஒருத்தரு வரணும்க்கா" என்றாள் இவள். "இன்னும் வரலியா? போன் பண்ணிப் பாருங்களேன்" என்றார் அந்தப் புண்ணியவதி. நானும் சரளாவும் சமையல்கட்டில் உட்கார்ந்து கண்ணில் தண்ணி வரச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அடுத்த ஜோக் வரவில்லை.

கேமராவும் வரவில்லை.

மறுபடி சென்னை. எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பக்கம் அடிவயிற்றில் துப்பாக்கிக் குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா அது எடுத்த போட்டோக்களைக் காட்டினார். என் உள்பக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ரோஸ் கலர் குகை. போகப் போக அங்கங்கே வெள்ளைப் புண், அதன் ஓரத்தில் ரத்தம். கடைசிப் போட்டோக்கள் எல்லாம் ஒரே மாதிரி. வழியை அடைத்து ஒரு வளையம், நடுவில் சின்னதாய் ஒரு ஓட்டை. கேமரா அங்கே நின்று அந்த ஓட்டையையே திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறது.

"இந்த எடம் சுருங்கியிருக்கு. அதான் தாண்டல" என்றார்.

"கேமராவே தாண்டல. சோறு எப்படி மேடம் தாண்டுது?"

"சாப்பிட்டப்புறம் வயித்தைப் பிடிச்சு முறுக்கியிருக்குமே. அது இதனாலதான்."

அது ஏன் சுருங்கியது என்பதற்கு, அங்கே இருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதித்தால்தான் விடை. அதற்கு இன்னொரு குழாய். ரொம்ப நீளம், நுனியில் பலூன் வைத்தது. பலூனை ஊதிக் குடலைப் பிடித்துக்கொண்டு, பின்னால் இழுத்து இழுத்து முன்னேறும் என்றார். எனக்குப் புரியவில்லை. சரளாதான், "பாவாடைக்கு நாடா கோக்குறா மாதிரியா மேடம்? துணி சுருங்கி நாடா மேல வந்துகினே இருக்குமே" என்றாள். "அதேதான்மா" என்றார் டாக்டரம்மா. முடிந்தால் சுருங்கின இடத்தை விரித்து, கேமராவையும் எடுத்துவிடலாம். முடியாவிட்டால் வயிற்றைக் கிழித்து ஆபரேஷன். சதையில் கெட்டது இருந்தாலும் ஆபரேஷன், அதற்கு மேலும் என்னென்னவோ.

வார்டில் படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டில் பெரியவர் எல்லோரையும் "உங்களுக்கு என்ன கட்டி?" என்றுதான் விசாரிப்பார். நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்வேன். பயம் எனக்குக் குடலில் வரவில்லை, முழங்காலில் வந்தது. படுத்திருக்கும்போதே கால் தந்தி அடித்தது. சரளா அதன் மேல் கையை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் போய்விட்டால் இவள் யாரைத் திட்டுவாள் என்று யோசித்தேன்.

குழாய் விடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சீனு வந்தான். கையில் சாத்துக்குடிப் பை.

"இன்னா நைனா, கர்ப்பமா கீறியாமே. கேமரா கொழந்தையாம், மில்லே பேசிக்குது."

"வலிடா. இந்தக் கட்டில்ல படுத்து கழுத்து புட்டுக்குச்சு."

"அத்த மொதல்ல சொல்லக் கூடாதா?" என்று சட்டைப்பையில் கை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தான். "இந்தா. டீ இல்ல, தண்ணிலயே போட்டுக்கோ."

நான் கையை நீட்டினேன். எங்கிருந்தோ ஒரு கை வந்து அட்டையைப் பிடுங்கியது. சிஸ்டர்.

"என்ன இது?"

"ஒன்னும் இல்ல சிஸ்டர். கழுத்து வலிக்குப் போடுறது."

"மாத்திரை எதுவும் சாப்பிடறது இல்லன்னு எழுதியிருக்கு?"

"அது மாத்திரை இல்ல சிஸ்டர். டீக்கடைல குடுக்குறது."

"பின்ன என்ன, மிட்டாயா?"

சரளா என்னையே பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. வீட்டில் நான் ஒரு நாளும் போட்டதில்லை. டீக்கடையில் பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் அட்டை அட்டையாகத் தொங்கும். ஒரு டீ, ஒன்று. எங்கள் ஷிப்டில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். டீக்குச் சர்க்கரை மாதிரி. சர்க்கரையை யாராவது மருந்து என்று டாக்டரிடம் சொல்வார்களா?

டாக்டரம்மா வந்தார். அட்டையைத் திருப்பிப் படித்தார்.

"எவ்ளோ நாளா?"

"கிரேன் ஏறுனதுலேர்ந்து மேடம். தலைய தொங்கப் போட்டுக்கினு ஓட்றேனே, கழுத்து தாங்காது."

"தினமுமா?"

"டபுள் ஷிப்டுன்னா ரெண்டு மூணு ஆவும்."

"இத்தனை டாக்டர் கேட்டிருக்கோமே, கஜேந்திரன்!"

"நீங்க மாத்திரையத்தான மேடம் கேட்டீங்க?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலி மாத்திரை வலியை மட்டும் பார்க்காது, குடலின் உள்தோலையும் அரிக்கும். அரித்த இடம் புண்ணாகும், ரத்தம் கசியும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கி வளையமாக நிற்கும். என் போட்டோவில் இருந்தது மாதிரியே.

"அப்போ கட்டி இல்லியா மேடம்?" என்றாள் சரளா. எழுந்தே நின்றுவிட்டாள்.

"சதையைப் பாக்காம சொல்ல மாட்டேன்மா. ரெண்டும் சேர்ந்துகூட இருக்கலாம். ஆனா நேத்தைக்கு இருந்த பயம் இன்னைக்கு எனக்கு இல்ல."

டாக்டருக்கே பயம் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று யோசித்துக்கொண்டே மறுநாள் தள்ளுவண்டியில் போனேன். உள்ளே குளிரில் பல் கிட்டியது. மயக்க மருந்துக்காரர் பெயரைச் சொல்லச் சொன்னார். பயத்தில் சரளா பெயரைச் சொல்லிவிட்டேன். "இவர் பேஷண்ட்தானா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது சரளா என் முகத்துக்கு நேரே ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை ஆட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கேமரா. லைட்டு செத்திருந்தது.

"வந்துட்டாருயா ஊர்லேர்ந்து" என்றாள்.

சதைப் பரிசோதனை ரிசல்ட் வரும்வரை இருந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. போன் அடித்தால் இரண்டு பேரும் எடுக்கமாட்டோம். நீ எடு, நீ எடு என்று தள்ளுவோம். கடைசியில் ஆஸ்பத்திரி ஹாலில் டாக்டரம்மாவே எங்களைப் பார்த்துவிட்டு, அறைக்குக் கூப்பிடாமல் நின்ற இடத்திலேயே, "கெட்டது ஒண்ணும் இல்ல. டிபியும் இல்ல. மாத்திரைதான்" என்றார். சரளா அங்கேயே தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். ஏதோ சாவு என்று நினைத்து இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். "இல்லீங்க, பொழச்சிட்டேன், அதான்" என்று நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இனி ஜென்மத்துக்கும் அந்த மாத்திரை தொடக் கூடாது. கழுத்துக்குப் பயிற்சி, ஒத்தடம். ரத்தம் ஏறி, ஏணி பழையபடி குட்டையானதும் வேலைக்குப் போனேன்.

கேட்டுக்கு எதிரே அதே டீக்கடை. கடைக்காரர் என்னைப் பார்த்த சந்தோஷத்தில் டீயை ஆற்றி வைத்து, பழக்க தோஷத்தில் பக்கத்திலேயே ஒன்றைக் கிள்ளி வைத்தார்.

"வேணாம்னே. டாக்டரு கொன்னுடுவாங்க."

"அப்ப இப்டி குடு" என்று சீனு என்னுடையதையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். இரண்டையும் வாயில் எறிந்து டீயை ஊற்றினான்.

"டேய், ஆஸ்பத்திரில என் கதிய பாத்தியே. இன்னுமா போடுற?"

"ஒனக்கு ஒத்துக்கல, எனக்கு ஒத்துக்குது. ஒன் பாடி வேற, என் பாடி வேற நைனா."

அவன் உதடு என் கண்ணில் பட்டது. வெளுத்திருந்தது.

"சீனு. கக்கூஸ் இன்னா கலர்ல போவுது?"

கடையே சிரித்தது. "டீ குடிக்கிற நேரத்துல கேக்குற கேள்வியா இது?"

"சொல்றா."

"கருப்புதான். மில்லு தூசு நைனா. நீதான சொல்லுவ, கவர்மெண்டு எடைக்கு வாங்கலாம்னு."

நான் டீயைக் கீழே வைத்தேன். அவன் தாடையைப் பிடித்து, கட்டை விரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். இட்லி.

மில்லில் சங்கு ஊதியது. எல்லோரும் கேட்டுக்குள் போனார்கள். நான் சீனுவின் கையைப் பிடித்து ஸ்டேஷன் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தேன். "பேஜாரு பண்ணாத நைனா, ஒரு நாள் சம்பளம் பூடும்" என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தான். சென்னை ரயிலில் ஏறிய பிறகும் திட்டினான். கவரைப்பேட்டை தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நைனா... அந்தக் கேமரா முழுங்குறப்போ வலிக்குமா?"

"வலிக்காதுடா. கண்ணடிக்கும், அவ்ளோதான்."

அவன் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஜன்னலைப் பார்த்தேன்.